கூட ஒரு ஆள் இருந்தால் போதும்

கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஐந்தாம், ஆறாம் வகுப்பு படித்த 103 பிள்ளைகளைச் சில உளவியலாளர்கள் நான்கு நாள் தொடர்ந்து கவனித்தார்கள். பிள்ளைகளுக்கு வேலை இரண்டு. ஒரு நாளில் பல தடவை சின்னக் குழாயில் எச்சிலைத் துப்பிக் கொடுக்க வேண்டும். கூடவே ஒரு குறிப்பேட்டில் எழுத வேண்டும்: இருபது நிமிடத்துக்கு முன்னால் என்ன நடந்தது, நல்லதா கெட்டதா, அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள், உன்னைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்.

வாத்தியார் திட்டியிருப்பார். கூடப் படிக்கிறவனோடு சண்டை வந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் தினம் நடக்கிற சங்கதிகள்தான். அந்த மாதிரி நேரங்களில் உடம்பில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறும். ஏறியது கொஞ்ச நேரத்தில் எச்சிலில் தெரிந்துவிடும். இருபது நிமிடக் கணக்கு அதற்காகத்தான். குறிப்பேட்டையும் எச்சிலையும் பொருத்திப் பார்த்தார்கள். மனம் நோகும் சம்பவம் நடந்த நேரத்தில் நெருங்கிய நண்பர் பக்கத்தில் இருந்திருந்தால் கார்ட்டிசால் பெரிதாக ஏறவில்லை. 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்ற எண்ணமும் தலைதூக்கவில்லை. தனியாக மாட்டிக்கொண்டவர்களுக்குக் கார்ட்டிசால் ஏறியது, தன்மதிப்பு சரிந்தது.

ரயன் ஆடம்ஸ், ஜோனதன் சாண்டோ, வில்லியம் புகாவ்ஸ்கி மூவரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு இது. அதில் என்னைப் பிடித்து நிறுத்தியது ஒரு சின்ன விவரம். அந்த நண்பர் ஆறுதல் சொன்னாரா, வக்காலத்து வாங்கினாரா, வாயே திறக்காமல் நின்றாரா என்பதெல்லாம் கணக்கில் வரவில்லை. கூட இருந்தாரா, இல்லையா? கேள்வி அவ்வளவுதான்.

பிள்ளைகளின் நட்பைப் பற்றி நம் வீடுகளில் பேச்சு எழுவது பெரும்பாலும் புகாராகத்தான். "எப்பப் பார்த்தாலும் ஃப்ரெண்டு ஃப்ரெண்டுன்னு சுத்துறான்", "அவகூடச் சேர்ந்துதான் மார்க் கொறஞ்சுது", "மொதல்ல பிளஸ் டூவை முடி, ஃப்ரெண்ட்ஷிப்பெல்லாம் அப்புறம்." பாலும் முட்டையும் தூக்கமும் உடம்புக்கு வேண்டும் என்று ஒப்புக்கொள்கிற அதே பெற்றோர், தோழமையை மட்டும் படிப்பு போக மிச்சமிருக்கும் நேரத்துக்கான விஷயமாக வைத்திருக்கிறார்கள். கடந்த முப்பது நாற்பது ஆண்டு ஆய்வுகள் அதையும் சாப்பாடு, தூக்கத்தோடு ஒரே வரிசையில் வைக்கச் சொல்கின்றன. 10 முதல் 19 வயது வரை வளரிளம் பருவம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் அந்த வயதில் இருந்தவர்கள் சுமார் 25.3 கோடி பேர்.

ரத்த அழுத்தம் வரை

கார்ட்டிசால் உடம்புக்கு வேண்டாத பொருள் இல்லை. ஆபத்து நேரத்தில் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றி, எதிர்த்து நிற்கவோ ஓடவோ தெம்பு கொடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. வேலை முடிந்ததும் அது இறங்கிவிட வேண்டும். இறங்க அவகாசமில்லாமல் தினமும் ஏறிக்கொண்டே இருந்தால்தான் வில்லங்கம். தூக்கம் கெடும், ரத்த அழுத்தம் கூடும், வயிற்றைச் சுற்றிச் சதை போடும், நோய் எதிர்ப்பு மண்டலம் தடுமாறும்.

இந்தத் தடுமாற்றத்தின் ஒரு வடிவம்தான் அழற்சி. காயம் பட்ட இடம் சிவந்து வீங்குவது நமக்குத் தெரிந்த அழற்சி. வெளியே தெரியாமல் உடம்பு முழுக்க மெல்ல நடக்கும் அழற்சியும் உண்டு. இதய நோய்க்கும் நீரிழிவுக்கும் அது பாதை போடுகிறது. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யாங் க்ளேர் யாங்கும் அவரது குழுவினரும் பதின்வயது முதல் முதுமை வரையிலான நான்கு பெரிய கணக்கெடுப்புகளை ஒன்றாக வைத்துப் பார்த்து, 2016-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். வளரிளம் பருவத்தில் உறவுகள் அற்றுத் தனிமைப்பட்டுப் போவது, உடற்பயிற்சியே இல்லாமல் இருப்பதற்கு இணையாக அழற்சியின் ஆபத்தை உயர்த்துகிறது என்பது அவற்றில் ஒன்று. பையன் விளையாடவே போவதில்லை என்று டாக்டரிடம் குறைப்படும் அம்மா, அவனுக்கு ஒரு நண்பன்கூட இல்லை என்பதையும் அதே கவலையோடு சொல்ல வேண்டும் என்று இதற்கு அர்த்தம்.

பிட்ஸ்பர்க் நகரில் நடந்த இன்னொரு நெடுங்கால ஆய்வு சிறுவர்களைப் பற்றியது. மகன் வாரத்தில் எவ்வளவு நேரம் நண்பர்களோடு இருக்கிறான் என்று பெற்றோரிடம் ஆண்டுதோறும் கேட்டுப் பதிந்து வைத்திருந்தார்கள். பையன்கள் 32 வயது ஆண்களான பிறகு ரத்த அழுத்தத்தையும் உடல் எடையையும் அளந்தார்கள். பள்ளிப் பருவத்தில் நண்பர்களோடு அதிக நேரம் கழித்தவர்களுக்கு இரண்டுமே சற்றுக் குறைவு. ஜென்னி கண்டிஃப், கேரன் மாத்யூஸ் இருவரும் 267 பேரின் தகவலை வைத்து 2018-ல் இதை எழுதினார்கள். வித்தியாசம் மலைக்க வைக்கும் அளவில் இல்லை. நட்புதான் காரணம் என்று அடித்துச் சொல்லிவிடக்கூடிய வகை ஆய்வும் இல்லை. ஆனால் குடும்ப வசதி, சிறுவயதில் இருந்த எடை, சுபாவம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும் வித்தியாசம் நின்றது. சின்ன வயதில் தெருவில் கழிந்த சாயங்காலங்களின் தடயம் முப்பது வயதுக்கு மேல் ரத்த அழுத்தக் கருவியில் தெரிகிறது என்றால் அதை லேசாகத் தள்ளிவிட முடியாது.

எத்தனை நண்பர்கள் என்பதிலும் ஒரு பாடம் உண்டு. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ரேச்சல் நார், ஜோசப் ஆலன் குழுவினர் 169 பேரை 15 வயதிலிருந்து 25 வயது வரை பத்து ஆண்டுகள் தொடர்ந்தார்கள். இரண்டு விஷயங்களைத் தனித்தனியாக அளந்தார்கள். ஒன்று, நெருங்கிய நண்பரோடு உள்ள உறவு எவ்வளவு ஆழமானது. மற்றது, வகுப்பில் எத்தனை பேர் இவரோடு சேர விரும்புகிறார்கள். 15 வயதில் ஆழமான நட்பு வாய்த்தவர்களுக்கு 25 வயதில் மனச்சோர்வும் பதற்றமும் குறைவாக இருந்தன, தன்மதிப்பு கூடியிருந்தது. எல்லோருக்கும் பிடித்த 'கெத்து' பிள்ளைகளாக இருந்தவர்களுக்கோ 25 வயதில் பதற்றம் அதிகம். 'எம் பொண்ணுக்கு ஒரே ஒரு ஃப்ரெண்டுதான் சார், யார்கூடயும் சேரவே மாட்டேங்கிறா' என்று வருத்தப்படும் பெற்றோர் நம்மிடையே நிறையப் பேர். அந்த ஒருத்தி நல்லவளாக இருந்தால் வருத்தத்துக்கு வேலையில்லை.

ஏன் இந்த வயதில்?

நட்பு எல்லா வயதிலும் நல்லதுதான். பன்னிரண்டுக்கும் பதினெட்டுக்கும் இடையில் அதற்கு ஏன் இத்தனை கனம்?

ஹாரி ஸ்டாக் சல்லிவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். அவர் 1949-ல் இறந்துபோக, அவரது விரிவுரைகள் 1953-ல் நூலாக வந்தன. எட்டரை, ஒன்பது, பத்து வயதுவாக்கில் பிள்ளைக்கு முதன்முறையாக ஓர் உயிர்த்தோழன் வாய்க்கிறான். அதுவரை எனக்கு என்ன வேண்டும் என்பதையே நினைத்துக்கொண்டிருந்த பிள்ளை, அவனுக்கு என்ன வேண்டும் என்று யோசிக்கத் தொடங்குகிறது. அவன் தோற்றால் இவனுக்கு அழுகை வருகிறது. அதைவிட முக்கியமாக, தன்னைத் தானே இன்னொருவர் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு அப்போதுதான் கிடைக்கிறது. வீட்டில் ஏற்பட்ட காயங்களைக்கூட இந்த நட்பு ஆற்றிவிடும் என்று சல்லிவன் நம்பினார். இங்கிலாந்தில் ஆனி-லாரா வான் ஹார்மலன் குழு 2017-ல் வெளியிட்ட ஆய்வு அந்த நம்பிக்கைக்கு ஆதரவாகவே வந்தது. சிறுவயதில் குடும்பத்தில் துன்பம் கண்ட பிள்ளைகளில், 14 வயதில் நல்ல நட்பு இருந்தவர்கள் 17 வயதில் எதிர்பார்த்ததைவிட நன்றாகத் தேறியிருந்தார்கள்.

மூளை தன் பங்குக்கு ஒரு வேலை செய்கிறது. பருவமடையும் காலத்தில் சுகம், பரிசு, பாராட்டு போன்றவற்றுக்குத் துள்ளும் பகுதிகள் சுறுசுறுப்பாகிவிடுகின்றன. நிதானிக்கச் சொல்லும் முன்மூளை இருபதுகளின் நடுவரை முதிர்ந்துகொண்டே இருக்கும். இந்த இடைவெளியில்தான் சேக்காளியின் பார்வை பெற்றோரின் பார்வையை விடப் பெரிதாகிறது. இதை வீம்பு என்று வீட்டில் நினைக்கிறோம். வீட்டுக்கு வெளியே ஓர் உலகத்தில் பிழைக்கத் தயாராகும் மூளையின் ஏற்பாடு அது.

ஒதுக்கப்பட்டால் வலி அதிகமாவதும் இதனால்தான். கணினித் திரையில் மூவர் பந்து வீசி விளையாடும் ஒரு சின்ன விளையாட்டை உளவியலாளர்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறார்கள். கொஞ்ச நேரத்தில் மற்ற இருவரும் உங்களுக்குப் பந்தைப் போடுவதை நிறுத்திவிடுவார்கள். அவர்கள் இருவரும் நிஜ ஆட்களே இல்லை, கணினி நிரல்தான். இருந்தும் மனம் வாடிவிடுகிறது. பதின்வயதுப் பெண்களுக்கு அந்த வாட்டம் வளர்ந்த பெண்களைவிட அதிகம் என்று கேத்தரின் செபாஸ்டியனும் சாரா-ஜேன் பிளேக்மோரும் 2010-ல் காட்டினார்கள். பெயர் தெரியாத ஒரு திரைப்பந்துக்கே இந்தப் பாடு என்றால், வகுப்பில் எல்லோரும் சேர்ந்து ஒருத்தியை மட்டும் விட்டுவிட்டு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தது மறுநாள் காலை தெரியவரும்போது அவளுக்கு எப்படியிருக்கும்? 'இதுக்கெல்லாமாடி அழுவாங்க' என்று அப்போது சொல்லிவிடக் கூடாது.

நண்பர்கள் கெடுக்கவும் செய்வார்கள். பெற்றோரின் பயத்தில் நியாயம் உண்டு. மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் இருவரும் 2005-ல் வெளியிட்ட ஆய்வில் கார் ஓட்டும் வீடியோ கேம் ஒன்றை மூன்று வயதுப் பிரிவினரிடம் கொடுத்தார்கள். தனியாக ஆடியபோது பதின்வயதினர் பெரியவர்களிலிருந்து அதிகம் வேறுபடவில்லை. கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருந்தபோது 13 முதல் 16 வயதினர் எடுத்த ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்கானது. 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த மாற்றம் இல்லை. ஒரே பைக்கில் மூன்று பேர், ஹெல்மெட் இல்லாமல், ஆற்றுப்பாலத்தில் வேகம் காட்டுவதன் பின்னால் இருப்பது இதுதான். முதல் சிகரெட்டும் முதல் பீரும் பெரும்பாலும் கூட்டாளியின் கையிலிருந்தே வருகின்றன. நட்பைப் பற்றித் திருக்குறள் ஐந்து அதிகாரங்களை ஒதுக்கியிருக்கிறது, 79 முதல் 83 வரை. அவற்றில் இரண்டு தீ நட்பும் கூடா நட்பும். ஆராயாமல் நட்புக் கொள்ளாதே என்று எச்சரிக்கவே இன்னொன்று.

ஆனால் எல்லா நட்பையும் தடுத்து வைப்பதால் பிள்ளைக்குத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் வராது. யாரோடு சேர்கிறான் என்று தெரிய வேண்டுமென்றால் அந்த நண்பர்களை வீட்டுக்கு வரச்சொல்லி, தோசை ஊற்றிக் கொடுத்து, பேச்சுக் கொடுத்துப் பார்ப்பதுதான் ஒரே வழி. அதற்கு நம்மில் எத்தனை பேருக்குப் பொறுமை இருக்கிறது?

பேசினால் போர்டில் பெயர்

ஒரு சாதாரண உயர்நிலைப் பள்ளியின் ஒரு நாளை நினைத்துப் பாருங்கள். ஆசிரியர் வரும்வரை கிளாஸ் லீடர் சாக்பீஸோடு நிற்கிறான். பேசியவர்களின் பெயரை போர்டில் எழுதுகிறான். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. பி.டி. பீரியடைக் கணக்கு ஆசிரியர் 'போர்ஷன் முடியலை' என்று வாங்கிக்கொள்கிறார். பத்தாம் வகுப்பில் மார்க் வாரியாக செக்‌ஷன் பிரிக்கிறார்கள், ஒன்றாவதிலிருந்து கூடவே வந்தவன் 'டி' செக்‌ஷனுக்குப் போய்விடுகிறான். சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ், அது முடிந்ததும் டியூஷன். மிச்சமிருப்பது மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும் நேரம் மட்டும். உன் வீட்டு எலுமிச்சை சாதம், என் வீட்டு உருளைக்கிழங்கு வறுவல் என்று மூடியில் பரிமாறிக்கொள்ளும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் நம் பிள்ளைகளின் நட்பு உயிர் வாழ்கிறது.

நாமக்கல் பக்கம் பெயர் வாங்கி மாநிலம் முழுக்கப் பரவிய விடுதிப் பள்ளி முறையில் பிள்ளைகள் இரவும் பகலும் ஒன்றாகவே இருக்கிறார்கள், உண்மை. ஆனால் விடிவதற்கு முன்னால் தொடங்கி இரவு வரை நீளும் ஸ்டடியில், பக்கத்தில் இருப்பவனை நண்பனாகப் பார்க்கவா, கட்-ஆஃப் மார்க்கில் முந்துபவனாகப் பார்க்கவா அந்தச் சூழல் சொல்லிக்கொடுக்கிறது? நீட், ஜே.இ.இ. பயிற்சிக்காக ஆறாம் வகுப்பிலேயே தனி பேட்ச் என்ற காலத்தில் இந்தக் கேள்வி இன்னும் சின்ன வயதுக்கு இறங்கியிருக்கிறது.

பெண் பிள்ளைகளின் கதை வேறு. வயதுக்கு வந்த அன்றோடு தெருவில் விளையாடுவது நிற்கிறது. பள்ளிவிட்டால் நேராக வீடு. தோழி வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் நோட்டு வாங்க என்று ஒரு காரணம் சொல்ல வேண்டும். பிளஸ் ஒன் சேர்ந்ததும் அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிள் பல கிராமத்துப் பெண்களுக்குப் படிப்போடு தோழமையையும் கொடுத்திருக்கிறது என்பது என் எண்ணம். நான்கைந்து பேர் வரிசையாகச் சைக்கிள் மிதித்துக்கொண்டு ஊர் எல்லை வரை ஒன்றாக வந்து, முக்கு ரோட்டில் ஒரு காலை ஊன்றி நின்று கால் மணி நேரம் பேசிவிட்டுப் பிரிவதை எந்தக் கிராமத்துச் சாலையிலும் பார்க்கலாம். அந்தக் கால் மணி நேரத்தில் யாரும் அவர்களுக்குப் பாடம் நடத்துவதில்லை, அறிவுரை சொல்வதில்லை.

பையன்களுக்கு வெளியே சுற்றச் சுதந்திரம் உண்டு. வேறொன்று பறிபோகிறது. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் நியோபி வே, பதின்வயதுப் பையன்களை ஆண்டுக்கணக்கில் பேட்டி கண்டு 2011-ல் ஒரு புத்தகம் எழுதினார். பதின்மூன்று, பதினான்கு வயதில் உயிர்த்தோழனைப் பற்றி அவ்வளவு உருக்கமாகப் பேசிய பையன்கள், பதினாறு பதினேழு வயதில் 'அதெல்லாம் ஒன்றுமில்லை' என்று இறுகிப்போனதை அவர் பதிவு செய்தார். நம்பிக்கையான நண்பனை இழந்த வருத்தம் உள்ளேயே இருந்தது. வெளியே சொல்வது ஆண்மைக்கு இழுக்கு என்று அதற்குள் கற்றிருந்தார்கள். நம்மூர்ப் பையன்கள் தோளில் கைபோட்டு நடப்பார்கள், 'மச்சான்', 'மாப்ள' என்பார்கள். ஆனால் தொண்டை அடைக்கும்போது 'பொம்பள மாதிரி அழாதடா' என்று அடக்கும் குரல் இங்கேயும் உண்டு. வீட்டிலேயே அப்பா வாயிலிருந்து வருவதால் அதற்கு வலு அதிகம்.

கையில் கட்டிய கயிறு

தமிழ்நாட்டில் பள்ளி நட்பைப் பற்றிப் பேசும்போது சாதியைத் தாண்டிப் போக முடியாது. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில், பட்டியலினத்தைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவனை அவனோடு படித்தவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. ஒரே பள்ளியில் படித்த பிள்ளைகள் அவர்கள். அதன் பிறகு அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளையும் மோதிரங்களையும் பள்ளியில் தடை செய்ய வேண்டும், வகுப்பில் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் சில.

தென்மாவட்டங்களில் மணிக்கட்டைப் பார்த்தே யார் யாரோடு உட்காரலாம் என்று பிள்ளைகள் முடிவு செய்யும் நிலை இருக்கிறது. மதியச் சாப்பாட்டு வட்டமும் அதே கணக்கில் பிரிகிறது. கயிறு கட்டிய பையனிடம் கேட்டால் 'ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் கட்டியிருக்காங்க' என்பான். சேர்ந்திருக்க வேண்டும் என்ற அந்த வயதின் பசி உண்மையானது. அந்தப் பசிக்கு ஊரும் பெரியவர்களும் கையில் எடுத்துக் கொடுத்தது சாதி. இதன் விலையை வெட்டுப்பட்டவன் மட்டும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் வகுப்பில் யார் பக்கம் உட்கார்வது, யார் தண்ணீர் பாட்டிலில் குடிப்பது என்று உஷாராக இருக்க வேண்டிய பிள்ளையின் உடம்பில் அந்த மான்ட்ரியல் ஹார்மோன் எந்த அளவில் நிற்கும் என்று யோசித்தால் நெஞ்சு பதறுகிறது.

அகர வரிசை சின்ன யோசனையாகத் தெரியலாம். டெல்லியில் வசதியானவர்களின் தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டும் என்று 2007-ல் கட்டாயமானது. பொருளியலாளர் கௌதம் ராவ் இதன் விளைவை ஆராய்ந்தபோது, சில பள்ளிகள் பெயரின் அகர வரிசைப்படி படிப்புக் குழுக்களைப் பிரித்திருந்தது அவருக்கு உதவியது. ஏழைப் பிள்ளைகளோடு ஒரே குழுவில் விழுந்த வசதியான பிள்ளைகளிடம் பாகுபாடு குறைந்திருந்தது, தாராளம் கூடியிருந்தது. யாரும் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. பெயர் அப்படி அமைந்தது, பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

உத்தரப் பிரதேசக் கிராமங்களில் மேட் லோ என்ற பொருளியலாளர் 1,261 இளைஞர்களை வைத்துக் கிரிக்கெட் போட்டிகள் நடத்தினார். குலுக்கல் முறையில் சிலரைப் பல சாதியினர் கலந்த அணிகளிலும், சிலரை ஒரே சாதி அணிகளிலும் போட்டார். கலந்த அணியில் ஆடியவர்களுக்குச் சாதி தாண்டிய நண்பர்கள் கூடினார்கள். எதிரணியில் மட்டுமே வேற்றுச் சாதியினரைச் சந்தித்தவர்களிடமோ சாதி தாண்டிய பழக்கம் குறைந்தது. 2021-ல் வெளியான இந்த முடிவைப் பள்ளிகளில் விளையாட்டுப் பிரிவை நடத்துகிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். தெருவுக்கு ஒரு டீம், ஊருக்கு ஒரு டீம் என்று கபடி நடத்தினால் சாதிக்கு ஒரு டீம் நடத்துவதாகவே முடியும்.

தோழி சுமக்கும் ரகசியம்

நெருக்கமான நட்பிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. மிசௌரி பல்கலைக்கழகத்தின் அமாண்டா ரோஸ் அதைக் கவனித்தவர். இரண்டு தோழிகள் ஒரே கவலையை இரவும் பகலும் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருந்தால் அவர்களுக்குள் நெருக்கம் கூடுகிறது; பெண்களிடம் மனச்சோர்வும் பதற்றமும்கூட அதோடு சேர்ந்து கூடுகின்றன. பேசினால் பாரம் குறையும் என்பது உண்மைதான். அதே பேச்சு விடிய விடியச் சுழன்றால் இருவரும் சேர்ந்து மூழ்குகிறார்கள். அப்போது வெளியிலிருந்து மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும்.

அந்த மூன்றாவது ஆள் யார் என்பதில்தான் நம் பள்ளிகள் கோட்டை விடுகின்றன. பெங்களூரு நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில் 13 முதல் 17 வயதினரில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. நாற்பது பேர் உட்காரும் வகுப்பில் சராசரியாக மூன்று பேர். அந்த மூவரின் நிலை முதலில் தெரிவது அம்மாவுக்கோ கிளாஸ் டீச்சருக்கோ அல்ல, பக்கத்து பெஞ்சுக்குத்தான். 'யார்கிட்டயும் சொல்லாத, சத்தியம் பண்ணு' என்று கையைப் பிடித்துச் சொல்லியிருப்பாள். பதினைந்து வயதுத் தோழி அந்தச் சத்தியத்தைச் சுமந்துகொண்டு கணக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருப்பாள்.

இந்தத் தோழிக்கு என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்க முடியும். ஐரோப்பாவின் 10 நாடுகளில் 168 பள்ளிகளைச் சேர்ந்த 11,110 மாணவர்களிடம் டானுட்டா வாசர்மன் குழு நடத்திய ஆய்வு 2015-ல் லான்செட் இதழில் வந்தது. தற்கொலை முயற்சிகளைத் தடுக்க மூன்று வழிகளை அதில் சோதித்தார்கள். ஆசிரியர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுப்பது ஒரு வழி. நிபுணர்கள் சோதித்துச் சிக்கலில் உள்ளவர்களைக் கண்டுபிடிப்பது இன்னொரு வழி. மூன்றாவது, மாணவர்களையே உட்கார வைத்து நாடகம் போல நடித்துப் பார்க்கச் செய்து, தன் மனதையும் நண்பன் மனதையும் எப்படிக் கவனிப்பது, எப்போது பெரியவரிடம் போவது என்று பேச வைப்பது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது மூன்றாவது வழியில் தற்கொலை முயற்சிகள் ஏறக்குறைய பாதியாகியிருந்தன. மற்ற இரண்டிலும் அந்த அளவு பலன் இல்லை.

பணக்கார நாட்டுக் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். பிகார் மாநிலம் நாளந்தா மாவட்டத்தின் அரசு உயர்நிலைப் பள்ளிகளில் விக்ரம் பட்டேல் உள்ளிட்டோர் நடத்திய 'சேஹர்' திட்டம் 2018-ல் அதே லான்செட்டில் வந்தது. மனநல மருத்துவரைக் கொண்டுவரவில்லை. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆள் ஒருவரைப் பள்ளிக்கு ஒருவராக முழுநேரமும் உட்கார வைத்தார்கள். அவர் மாணவர் குழுக்களைக் கூட்டினார், சுவர்ப் பத்திரிகை போட்டார், பேச வந்தவர்களோடு பேசினார். பள்ளிச் சூழல் மேம்பட்டது. மனச்சோர்வும் ஒருவரையொருவர் துன்புறுத்துவதும் குறைந்தன. அதே வேலையை ஆசிரியர் ஒருவரிடம் கூடுதலாகக் கொடுத்த பள்ளிகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. பாடம் நடத்தி, நோட்டுத் திருத்தி, தேர்தல் வேலையும் பார்க்கிற ஆசிரியரின் தலையில் 'கவுன்சலிங்' என்று இன்னொரு பொறுப்பைக் கட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று நினைக்கும் நம் நிர்வாகத்துக்கு இது நல்ல பதில்.

மத்திய அரசு 2014 ஜனவரியில் தொடங்கிய வளரிளம் பருவத்தினர் சுகாதாரத் திட்டத்தில் கிராமந்தோறும் பிள்ளைகளிலிருந்தே 'சாத்தியா' என்ற சக வயதுத் தோழர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. காகிதத்தில் நல்ல திட்டம். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய் நம் ஊர் சாத்தியா யார் என்று கேட்டுப் பாருங்கள்; பதில் வராவிட்டால் கிராம சபையில் அடுத்த முறை கேளுங்கள்.

பள்ளிகள் தம் பங்குக்குச் செய்யக்கூடியதில் செலவே இல்லாதவை பல. பி.டி. பீரியடை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் இருக்கலாம். செக்‌ஷன் மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் நெருங்கிய இருவரையாவது சேர்த்து அனுப்பலாம். நடுவில் வந்து சேரும் பிள்ளைக்கு முதல் வாரம் கூடவே இருக்க ஒருவரை நியமிக்கலாம். சென்னையில் குடிசைகளை அகற்றிக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் குடும்பங்களை அனுப்பியபோது, கல்வியாண்டின் நடுவில் பள்ளியையும் தோழர்களையும் ஒரே நாளில் இழந்த பிள்ளைகள் ஏராளம். கொரோனா காலத்தில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளி, தமிழ்நாட்டில் ஆறு முதல் எட்டாம் வகுப்புக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தது. இரண்டு சமயங்களிலும் பாட இழப்பைப் பற்றித்தான் அதிகம் பேசினோம், கொரோனா கால இழப்பை ஈடுகட்ட 'இல்லம் தேடிக் கல்வி'கூட வந்தது. இழந்த தோழமைக்கு ஈடு எதுவும் யோசிக்கப்படவில்லை.

இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர் பதினைந்து வயதுக்காரராகவும் இருக்கலாம். உன் தோழியோ நண்பனோ 'வாழப் பிடிக்கலை' என்கிற மாதிரிப் பேசினால், செய்ய வேண்டியது இவ்வளவுதான். கேலி செய்யாதே, புத்தி சொல்லாதே, தனியாக விட்டுவிட்டு வராதே. 'சாகணும்னு தோணுதாடி?' என்று நேராகக் கேட்கலாம்; கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தால் இந்த ஒரு விஷயத்தில் அதை மீறு. உனக்கு நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் அன்றைக்கே சொல், சித்தியோ மாமாவோ தமிழ் ஐயாவோ யாராக இருந்தாலும் சரி. யாரும் கிடைக்காவிட்டால் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணைக் கூப்பிடு. 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது, இருபத்து நான்கு மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. கஷ்டத்தில் இருப்பவரேதான் பேச வேண்டும் என்று கட்டாயமில்லை. அவளுக்காக நீ பேசலாம்.